இறங்காத பந்து

தை இருபதாம் தேதி சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கு, ஒத்தப்பனையூர் பொன்னுருவி மகளிர் கல்லூரியின் சிமெண்ட் மைதானத்தில் மேலே போன கூடைப்பந்து கீழே வரவில்லை. ரிங்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், உள்ளே போகவும் மனசில்லாமல் வெளியே விழவும் மனசில்லாமல், வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிற விருந்தாளி மாதிரி அது நின்றுவிட்டது. கூட்டம் பார்த்தது. கடலை தின்றவர்கள் தின்றுகொண்டே பார்த்தார்கள். மைக்கைப் பிடித்திருந்த வணிகவியல் பேராசிரியர் பார்த்துவிட்டு, வாசலை மறித்து நிற்கும் வெள்ளை ஸ்கூட்டியை உடனே எடுக்கும்படி உரியவரைக் கேட்டுக்கொண்டார். ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. எதற்குப் பிளக்க வேண்டும்? அந்தக் கல்லூரிப் பந்து ரிங்குக்குள் போகாத விதங்களையெல்லாம் பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள்; போர்டில் பட்டுப் போகாமல் இருந்திருக்கிறது, கம்பத்தில் பட்டுப் போகாமல் இருந்திருக்கிறது, பக்கத்துப் புளியமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு போகாமல் இருந்திருக்கிறது, இப்போது ஆகாயத்தில் நின்று போகாமல் இருக்கிறது, அவ்வளவுதானே என்று இன்னொரு பொட்டலம் கடலை வாங்கினார்கள்.

ரிங்குக்கு நேர் கீழே இரண்டு கையையும் தொங்கப்போட்டு நின்றவள் இசக்கியம்மாள். அணியின் கேப்டன், பி.ஏ. வரலாறு மூன்றாம் வருஷம், ஐந்தடி ஒன்பது அங்குல உயரம், தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டுகிற அம்மாவுக்கு ஒரே மகள். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒரே ஒரு தாள். பல்கலைக்கழகப் போட்டியில் முதல் இரண்டு இடங்களில் வந்த அணியின் ஆட்டக்காரிகள் விளையாட்டுக் கோட்டாவில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்திருந்தது. முதல் இடமோ இரண்டாம் இடமோ, ரெபரி கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட் ஒன்று கையில் இருந்தால் வேலைக்கு வழி உண்டு. இல்லாவிட்டால் மாவு மில் வைத்திருக்கிற மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். மாமன் மகன் கெட்டவன் இல்லை. பெண் பார்க்க வந்த அன்றே, கல்யாணப் போட்டோவில் தான் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொள்ளலாமா என்றும், கல்யாணத்துக்குப் பிறகு அவள் வீட்டுக்குள் கொஞ்சம் குனிந்தே நடமாட முடியுமா என்றும் ரொம்பப் பணிவாகக் கேட்டிருந்தான். அந்தப் பணிவை நினைத்தாலே இசக்கிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இனி அந்த அணியின் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் கல்லூரியில் எதற்கும் முதல் உரிமை தாளாளர் சொர்ணலிங்கம் வீட்டுக்கு. அம்மன் கொடையில் முதல் மாலை அவர் வீட்டுக்கு, ஆண்டு விழாவில் முதல் நாற்காலி அவருக்கு, கேன்டீனில் போட்ட முதல் வடை தட்டில் ஏறி, மாடிப்படி ஏறி, அவர் அறைக்குப் போய், அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாமென்று திருப்பி அனுப்பிய பிறகுதான் கீழே நிற்கிற ஜனத்துக்கு வடை. அப்பேர்ப்பட்ட இடத்தில் அவர் மகள் தர்ஷிணி கூடைப்பந்து அணியில் சேர்க்கப்பட்டாள். சேர்ந்தாள் என்று சொல்ல முடியாது. அவளுக்குப் பந்து என்றால் பயம், பந்து தன்னை நோக்கி வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். அவள் ஆட வந்த முதல் நாள் தாளாளர் மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார, விளையாட்டு ஆசிரியை ஜெயசீலி, எல்லோரும் பி.டி. மேடம் என்று கூப்பிடுகிறவர், பதறிப்போய், “பிள்ளைகளா, மொதப் பந்தைப் பாப்பாகிட்ட குடுத்துருங்க, ஐயா பாத்துட்டுப் போயிரட்டும்” என்றார். ஐயா பார்த்தார், பூரித்தார், போய்விட்டார். ஆனால் அந்தச் சொல் அங்கேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு தாக்குதலிலும் முதல் பந்து தர்ஷிணிக்குப் போக வேண்டும், அவள் கண்ணை மூடிக்கொண்டு வீச வேண்டும், அது எங்கேயாவது பட்டுத் திரும்பிய பிறகுதான், திரும்பி வந்த வடை மாதிரி, மற்றவர்கள் தொடலாம். அதற்கு மரியாதைப் பந்து என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள்.

இதை எதிரணிகள் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு பேர் தர்ஷிணியை மறித்து நின்றால் போதும், மற்ற மூன்று பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம். அதனால் பொன்னுருவி கல்லூரி ஒரு ஆட்டத்தில் ஒன்பது பாயிண்ட் எடுக்கும், இன்னொன்றில் ஏழு எடுக்கும், ஒரு முறை முழு ஆட்டத்துக்கும் சேர்த்து இரண்டே இரண்டு எடுத்தது, அதுவும் எதிரணிப் பெண் ஒருத்தி திசை தவறித் தன் பக்கத்து ரிங்கில் தானே போட்டுக்கொடுத்தது. ‘தாக்குதல் ஆட்டத்தில் சற்றே பின்னடைவு’ என்று ஜெயசீலி மேடம் அறிக்கை எழுதினார். உடனே ஒரு குழு போட்டார்கள். குழு கூடி பிஸ்கட் தின்று ஜெர்ஸியின் நிறத்தை மாற்றியது, ரிங்குக்குக் கீழே எலுமிச்சம்பழம் அறுத்தது, வாஸ்து பார்க்கிறவரை வரவழைத்துக் கம்பத்தைப் பிடுங்கிக் கிழக்கு முகமாக நட்டது, தாக்குதல் ஆட்டத்தின் உளவியல் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கம் நடத்தி எல்லோருக்கும் பை கொடுத்தது. மரியாதைப் பந்தை நிறுத்தினால் என்ன என்று ஒரு வாய் கேட்கவில்லை. இசக்கியின் வாயும் கேட்கவில்லை. மனசுக்குள் அத்தனை பேரையும் காறித் துப்பிக்கொண்டே அவளும் இரண்டு வருஷமாய் மரியாதைப் பந்தைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

இவர்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்த பெருமையும் கேட்கத் தகுந்ததுதான். போட்டியை நடத்துகிற கல்லூரி நேராக அரையிறுதிக்குப் போகலாம் என்று விதி, அந்த வருஷம் நடத்தியது இவர்கள். அரையிறுதிக்கு வர வேண்டியவர்களின் வேன் சாத்தூர் ரோட்டில் அச்சு முறிந்து நின்றுவிட்டது, ஆகவே இறுதி. எதிரே ஆட வந்தது கடலோரத்துக் கல்லூரி ஒன்று, நல்ல அணி, ஸெலின் என்கிற கருத்த ஒல்லிப் பெண் அதன் கேப்டன். அவர்களுக்கு மத்தியானம் கல்லூரி ஹாஸ்டலில் தாளாளர் செலவில் விருந்து. ஹாஸ்டல் சாம்பாரின் சங்கதி உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும், வெளியூர்ப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். அப்படியும் எட்டு நொடி மிச்சம் இருக்கையில் பதினேழுக்குப் பதினாறு என்று அவர்கள்தான் முன்னால் நின்றார்கள்.

அந்த எட்டாவது நொடியில் பந்து இசக்கியின் கைக்கு வந்தது. ரிங்குக்கு இரண்டடி தூரத்தில், தனியாக, மறிக்க ஒரு ஆள் இல்லாமல் நின்றாள். ஸெலின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள், மற்றவர்களில் இரண்டு பேர் வழக்கப்படி தர்ஷிணியைச் சுற்றி நின்றார்கள், மிச்ச இரண்டு பேர் வழக்கப்படி வேடிக்கை பார்த்தார்கள். குதித்து உள்ளே வைத்தால் போதும், ஆட்டம் முடிந்தது, சர்டிபிகேட் வந்தது, மாவு மில் போனது. இசக்கிக்கு இதெல்லாம் தெரிந்தது. தெரிந்துகொண்டே இருக்கையில் அவளுடைய இரண்டு கையும், அவளைக் கேட்காமல், அவள் சம்மதம் இல்லாமல், மூலையில் நடுங்கிக்கொண்டிருந்த தர்ஷிணியிடம் பந்தைத் தள்ளிக் கொடுத்துவிட்டன. தர்ஷிணி கண்ணை மூடினாள், வீசினாள், பந்து கையை விட்ட பிறகு மணி அடித்தது, பந்து ரிங்குக்கு மேலே போய் நின்றுகொண்டது. இசக்கி பந்தைப் பார்க்கவில்லை, தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். த்தூ, இதெல்லாம் ஒரு கையா என்று அவளுக்கு இருந்தது.

ரெபரி மிக்கேல் சார் தூத்துக்குடிக்காரர், முப்பது வருஷ அனுபவம், விதிப்புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிற ஆள். அவர் சொன்னார்: மணி அடிக்கும் முன்னாலேயே பந்து கையை விட்டுப் போய்விட்டது, ஆகவே அது உள்ளே விழும்வரை, அல்லது வெளியே விழும்வரை, ஆட்டம் முடியவில்லை. சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பொழுது சாய்ந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், அவர் உட்கார்ந்து காத்திருந்தார்.

ஒரு வாரம் ஆயிற்று, பந்து அங்கேயே இருந்தது, ஜனம் அதற்கு வசதி பண்ணிக்கொண்டது. மிக்கேல் சாருக்கு நாற்காலிக்கு மேலே பந்தல் போட்டுக் கொடுத்தார்கள், மூன்று வேளையும் கேன்டீனிலிருந்து சாப்பாடு வந்தது, குளிக்கப் போகும்போது மட்டும் விசிலை மணி அடிக்கிறவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆட்டம் முடியாததால் கடலோரத்துப் பெண்கள் ஊருக்குப் போக முடியவில்லை. ஹாஸ்டலில் அவர்களுக்கு இரண்டு அறை ஒதுக்கினார்கள், சும்மா இருப்பானேன் என்று வகுப்புக்கு வந்து உட்காரச் சொன்னார்கள், அவர்களில் ஒருத்தி பொருளியல் இடைத்தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கி உள்ளூர்ப் பிள்ளைகளின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாள். நாலாவது வாரத்தில் ஹாஸ்டல் சாம்பார்கூட அவர்களுக்கு ஒத்துக்கொண்டது. பந்தின் மேல் ஒரு கரிச்சான் குருவி தினமும் வந்து உட்கார்ந்து எச்சமிட்டது, அதைத் துடைக்க ஒருவருக்கும் கை எட்டவில்லை.

படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? இயற்பியல் துறைத் தலைவி அந்தப் பந்தின் மேல் பூமிக்கு ஈர்ப்பு குறைந்துவிட்டது என்று ஒரு மணி நேரம் பேசினார், ஏன் குறைந்தது என்று கேட்டதற்கு அது பாடத்திட்டத்தில் இல்லை என்றார். தமிழ்த்துறைத் தலைவர் பந்தைக் குழந்தையாகப் பாவித்துப் பிள்ளைத்தமிழ் எழுத ஆரம்பித்து, தாலப் பருவம்வரை வந்து, பத்துப் பாட்டில் ஏழில் தாளாளரின் பெயரை நுழைத்தார். கணிதப் பேராசிரியர் ஒருபடி மேலே போனார். உச்சிவேளையில் பந்தின் நிழல் ரிங்குக்குள்ளே நுழைந்து தரையில் விழுகிறது, ஆகவே தினமும் இரண்டு பாயிண்ட் வீதம் கல்லூரிக்குச் சேர வேண்டும் என்று அவர் படம் வரைந்து நிரூபித்தார். மிக்கேல் சார் படத்தை வாங்கிப் பார்த்து, நிழலுக்கு விதி கிடையாது என்று திருப்பிக் கொடுத்தார்.

ஊரும் சளைக்கவில்லை. கல்லூரி வாசலில் பஸ் நிற்கும் இடத்தைக் கண்டக்டர்கள் ‘பந்து ஸ்டாப்’ என்று கூவினார்கள். கோர்ட்டில் கேஸை இழுத்தடிக்க வேண்டியவர்கள் குடும்பத்தோடு வந்து பந்தைக் கும்பிட்டார்கள், தேர்தல் தள்ளிப்போக வேண்டிய சங்கத் தலைவர் ஒருவர் மாலை வாங்கி வந்தார், பெண் பார்த்துவிட்டுப் போய் பதில் சொல்லாத மாப்பிள்ளை வீட்டார் இங்கே வந்து பந்தைக் காட்டி, ‘நாங்களும் இப்படித்தான் யோசனையில இருக்கோம்’ என்றார்கள். எதையும் முடிக்காமல் வைத்திருப்பதில் ஆசையுள்ள ஜனங்கள் இத்தனை பேரா என்று இசக்கிக்கு மலைப்பாக இருந்தது. தாளாளருக்கோ கால் தரையில் பாவவில்லை. வாசலில் முப்பதடி ஃபிளெக்ஸ் வைத்தார், அதில் பந்து ஒரு ஓரத்தில் சின்னதாக, அவர் நடுவில் பெரிதாக, கீழே ‘இன்றுவரை தோற்காத அணி’ என்று எழுத்து. அடுத்த வருஷச் சேர்க்கைக்கு மாசி மாதமே வரிசை நின்றது. இரண்டு வருஷமாய்ப் பந்து போடத் தெரியாத அணிக்கு, அது உலகத்துக்கே தெரிந்த அணிக்கு, ஊர் ஊராய்ப் பாராட்டு விழா நடத்திப் பொன்னாடை போர்த்தினார்கள்.

இசக்கி தாளாளரின் அறைக்குப் போய் நின்றாள். முதல் வடை மேஜை மேல் ஆறிக்கொண்டிருந்தது.

“ஐயா, வேலைக்கு எழுதிப் போடக் கடைசித் தேதி வருது. சர்டிபிகேட் வேணும்யா.”

“எந்த சர்டிபிகேட்டும்மா? ஜெயிச்சதுக்கா, தோத்ததுக்கா?”

“எதுன்னாலும் சரிதான்யா. ரெண்டாம் இடமே போதும்.”

சொர்ணலிங்கம் பக்கத்தில் நின்ற ஜெயசீலி மேடத்தைப் பார்த்தார். “எதுன்னாலும் சரியாம், கேட்டீங்களா? கேப்டன் பேசுற பேச்சு. ஏம்மா, பந்து நிக்கிற வரைக்கும் நாம தோக்கல. எந்தக் காலேஜுக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்? ஒனக்கு ஒரு வேலைக்காக நான் கல்லூரி மானத்தைக் கீழ இறக்கணுமா?”

“அப்ப எங்களுக்கு எப்பய்யா முடிவு தெரியும்?”

“அதெல்லாம் தன்னால நடக்கும். நாப்பத்தெட்டாம் நாள் மண்டல பூர்த்தி விழா எடுக்கப்போறோம், நீதான் தட்டு ஏந்தணும். போய்ப் படி.”

வெளியே வந்ததும் ஜெயசீலி மேடம் அவள் முழங்கையைக் கிள்ளினார். “ஏட்டி இசக்கி, ஒனக்குக் கொழுப்பா? எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு, அதுல மண்ணள்ளிப் போட்டுராத.”

அவரைத் திட்டக்கூட இசக்கிக்கு மனசு வரவில்லை. நேராக மைதானத்துக்குப் போய், மிக்கேல் சாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சார், அந்தப் பந்தை யாராச்சும் தொட்டா என்ன ஆகும்?”

“யார் தொடுறாங்கங்கிறதைப் பொறுத்தது. ஸெலின் அணியில ஒருத்தி தொட்டா, விழப்போற பந்தைத் தடுத்ததாக் கணக்கு, ஒங்களுக்கு ரெண்டு பாயிண்ட், நீங்க ஜெயிச்சீங்க. ஒங்க ஆள் தொட்டா அந்தக் கூடை செல்லாது, நீங்க தோத்தீங்க. வாட்ச்மேன் கம்பு வச்சுத் தட்டுனா எதுக்கும் ஆகாது, ஆட்டக்காரிதான் தொடணும்.”

“தொட்டா அந்த நிமிஷமே ஆட்டம் முடிஞ்சிருமா?”

“முடிஞ்சிரும். நான் கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போவேன். எம் பொண்டாட்டி போன்ல பேசுறதையே நிறுத்திட்டா.”

“இதை ஏன் சார் இத்தனை நாளாச் சொல்லல?”

“யாரும் கேக்கலையேம்மா. எல்லாரும் எப்ப விழும்னுதான கேட்டீங்க” என்று அவர் விரலை நக்கினார்.

கேட்டுத் தெரிந்து என்ன பண்ண? பந்து பதினோரடிக்கு மேல் நின்றது, இசக்கி எம்பினாலும் ஒன்றரை அடி குறைந்தது. கல்லூரியில் இருந்த இரண்டு ஏணிகளையும் தாளாளர் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகியிருந்தார். பந்தைச் சுற்றிக் கயிறு, கயிற்றைச் சுற்றி இரண்டு வாட்ச்மேன்கள். வீட்டில் அம்மா, மாமன் மகன் தாலிக்குச் சொல்லிவிட்டான் என்று தீப்பெட்டி ஒட்டிய பசைக் கையோடு சொன்னாள், அதை அவள் சந்தோஷமாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை.

ஒரு நாள் குழாயடியில் தர்ஷிணி வந்து நின்றாள். இரண்டு வருஷத்தில் இசக்கி அவளிடம் பந்தைக் கொடுத்திருக்கிறாளே தவிர ஒரு வார்த்தை கொடுத்ததில்லை.

“அக்கா, அன்னைக்கு ஏன்க்கா எனக்குக் குடுத்தீங்க? நீங்க ரிங்குக்குக் கீழதான நின்னீங்க.”

இசக்கி முகத்தைக் கழுவினாள், பிறகு இன்னொரு தடவை கழுவினாள். “கை பழகிப்போச்சு” என்றாள்.

“வீசின ஒடனே விழக்கூடாது விழக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்க்கா. விழுந்தா எல்லாரும் என்னையத்தான பாப்பாங்க. கண்ணத் தொறந்தா நின்னுட்டு இருக்கு.” தர்ஷிணி மூக்கை உறிஞ்சினாள். “இப்பவும் என்னையத்தான் பாக்காங்க. எனக்கு இந்த வெளாட்டே பிடிக்காதுக்கா. ஒரு தடவையும் யாரும் எங்கிட்ட கேக்கல.”

உன் அப்பாவிடம் போய்ச் சொல்லேன் என்று நாக்கு நுனிவரை வந்ததை இசக்கி விழுங்கிக்கொண்டாள். தானும் கேப்டன்தானே, தான் யாரிடம் என்ன சொல்லிக் கிழித்தோம் என்று அவளுக்கு இருந்தது. துண்டை எடுத்து தர்ஷிணியிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

பங்குனி பிறந்து ஒரு வாரத்தில் நாற்பத்தெட்டாம் நாள் வந்தது. விண்ணப்பத்துக்கும் அன்றைக்குத்தான் கடைசி நாள், சாயங்காலம் ஐந்து மணியோடு சரி. காலையிலேயே நாதஸ்வரம், பந்தல், ஆயிரம் பேருக்குப் பொங்கல். பந்துக்கு மாலை சாற்ற வேண்டும், அதற்கு ஆள் உயரே ஏற வேண்டும், ஏணியில் ஏறினால் தாளாளர் குடும்பத்துக்குக் கௌரவம் இல்லை என்பதால் ரிங்குக்குப் பக்கத்தில் ஆறடி உயரத்தில் மரமேடை கட்டி, படி வைத்து, படிக்குச் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். படியின் அடியில் தட்டோடு நிறுத்தப்பட்ட இசக்கி, மேடையைப் பார்த்தாள், பந்தைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை நாளாய் ஒளித்துவைத்த ஏணியை அவரே கம்பளம் போட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறார், ஆனால் தன் கால் அதில் பட வேண்டுமே, இத்தனை வாட்ச்மேன்களும் இத்தனை உறவுக்காரர்களும் வழியில் நிற்கிறார்களே என்று படிகளைக் கண்ணால் அளந்தாள்.

சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற துணைவேந்தர், பத்து மணிக்கு வர வேண்டியவர் பன்னிரண்டரைக்கு வந்தார், வந்தவர் முழங்கால் வலி என்று நாற்காலியை விட்டு எழவில்லை. இந்தக் கல்லூரியின் தாக்குதல் ஆட்டம் நாட்டுக்கே வழிகாட்டி என்று உட்கார்ந்தபடியே முக்கால் மணி நேரம் பேசினார். தமிழ்த்துறைத் தலைவர் பிள்ளைத்தமிழை அம்புலிப் பருவம்வரை பாடினார். ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. இசக்கி மணிக்கூண்டைப் பார்ப்பதும் தட்டைப் பார்ப்பதுமாக நின்றாள். கடைசியில் மைக்கில் சொன்னார்கள்: முதல் மாலையைத் தாளாளரின் செல்வப் புதல்வி சாற்றுவார்.

தர்ஷிணி பட்டுப்பாவாடை சரசரக்க வந்தாள். தட்டிலிருந்த மாலையை எடுத்தாள். முதல் படியில் காலை வைத்து, மேலே பந்தைப் பார்த்தாள், வழக்கப்படி கண் தானாக மூடப் பார்த்தது, மூடாமல் பிடித்துக்கொண்டாள். பிறகு திரும்பி, இசக்கியின் கையிலிருந்த தட்டைப் பிடுங்கித் தரையில் வைத்துவிட்டு, மாலையை அவள் நெஞ்சில் தள்ளினாள்.

“அக்கா, பிடிங்க. நீங்க போங்க.”

இரண்டு வருஷத்தில் தர்ஷிணி யாருக்காவது கொடுத்த முதல் பாஸ் அது. வாட்ச்மேன்கள் என்ன செய்வதென்று தெரியாமல் தாளாளரைப் பார்த்தார்கள், பாப்பா சொன்னதைத் தட்டுவது எப்படி என்று தாளாளர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்து வைத்தார், அதற்குள் இசக்கி கம்பளத்தில் நாலு படி ஏறிவிட்டாள். மேடையில் நின்றபோது பந்து அவள் முகத்துக்கு நேரே இருந்தது. அழுக்குப் பந்து. குருவி எச்சம், புழுதி, மழையில் வெடித்த ரப்பர். இதையா கும்பிட்டார்கள்? மாலையைக் கைப்பிடிக் கம்பில் மாட்டினாள்.

கீழே மிக்கேல் சார் நாற்காலியை விட்டு எழுந்து விசிலை வாயில் வைத்தார். அதைப் பார்த்ததும் தாளாளருக்கு விஷயம் புரிந்துபோயிற்று. மேடையின் காலைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, கூட்டத்துக்குக் கேட்காமல் சொன்னார்: “ஏய், எடுக்காத. தொடுறதா இருந்தா லேசா உள்ள தட்டி விட்டுரு. நாம ஜெயிச்சதா ஆயிரும். யார் கேக்கப்போறா?”

“ரெபரி கேப்பாருய்யா” என்றாள் இசக்கி.

இரண்டு கையாலும் பந்தைப் பிடித்தாள். பிடுங்க வேண்டியிருக்குமோ என்று பல்லைக் கடித்திருந்தாள், அது அப்படியெல்லாம் ஒன்றும் பண்ணவில்லை, கிளையில் பழுத்த பழம் மாதிரி கையோடு வந்துவிட்டது. மிக்கேல் சார் நாற்பத்தெட்டு நாளாய் அடக்கிவைத்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினார். நாதஸ்வரக்காரர் பயந்து வாசிப்பை நிறுத்தினார். பதினேழுக்குப் பதினாறு, கடலோரத்துக் கல்லூரி வெற்றி என்று ரெபரி கையைத் தூக்கிச் சொன்னபோது, ஜெயித்த பெண்கள் குதிக்கக்கூட இல்லை, மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க ஹாஸ்டலை நோக்கி ஓடினார்கள். ஸெலின் மட்டும் ஓடுகிற ஓட்டத்தில் திரும்பி இசக்கியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சொர்ணலிங்கத்தின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “சோறு போட்ட கல்லூரியைத் தோக்கடிச்சிட்டியே, நீ வெளங்குவியா?”

“நாப்பத்தெட்டு நாளைக்கு முன்னயே தோத்தாச்சுய்யா. நான் எறக்கித்தான் வச்சேன்.” பந்தோடு படியில் இறங்கி வந்தாள். “அன்னைக்குப் பந்து எங்கையிலதான் இருந்துச்சு. பாப்பாவுக்கு ஏன் குடுத்தேன்னு நீங்களும் கேக்கல, நானும் கேக்கல. அதனால தோத்தோம்.”

பொங்கல் பந்தியில் இலை போட்டாகிவிட்டது என்று யாரோ சொல்ல, கூட்டம் கலைந்து அந்தப் பக்கம் போயிற்று. கோர்ட்டுக் கேஸ்காரர்கள்தான் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள். மிக்கேல் சார் நாற்காலியின் கையில் வைத்தே பத்து சர்டிபிகேட்டும் எழுதி, இரண்டாம் இடம் என்று நிறுத்தி நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, இசக்கியிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

இசக்கி மற்றத் தாள்களை அணிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, தன்னுடையதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். போகிறவள் போகாமல், பந்தை எடுத்துக்கொண்டு ரிங்குக்கு இரண்டடி தூரத்தில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் போய் நின்றாள். மறிக்க ஆள் இல்லை, மணி இல்லை, கொடுக்க வேண்டிய மரியாதை இல்லை. நாற்பத்தெட்டு நாளாய் மனசுக்குள் அவள் அந்தப் பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தாள், ஒரு தடவைகூடத் தவறியதில்லை. குதித்தாள், போட்டாள். பந்து ரிங்கின் விளிம்பில் பட்டு, எம்பி, வெளியே விழுந்து, சிமெண்ட் தரையில் தட்டித் தட்டி உருண்டு தர்ஷிணியின் காலடியில் போய் நின்றது. தர்ஷிணி இசக்கியைப் பார்த்தாள், இசக்கி தர்ஷிணியைப் பார்த்தாள், இருவருக்கும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது.

நாலே முக்காலுக்குப் பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர்க்காரர் சர்டிபிகேட்டை வாங்கிப் பார்த்துக் கட்டத்தை நிரப்பிக்கொண்டே கேட்டார்.

“ரெண்டாம் இடமாம்மா? எவ்வளவுல போச்சு?”

“ஒரு பாயிண்ட்லண்ணே.”

“அடப் பாவமே. கடைசிப் பந்து எவ போட்டது?”

“நான்தாண்ணே போட்டேன்” என்றாள் இசக்கி. “தவறிப்போச்சு. நீங்க சீக்கிரம் அனுப்புங்க, மணியாகுது.”